சீனி போடவில்லை என்றால் சுகர் ஏறாதா?

கேள்வி: நாங்கள் இருப்பது தாம்பரத்தில், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆனித் தேரோட்டம் பார்த்துவிட்டு, அப்படியே குற்றாலச் சீசனுக்கும் போகலாம் என்று ஒரு வாரம் வருகிறோம். அம்மாவுக்கு 67 வயது, 12 வருடமாகச் சுகர். மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. ஊருக்கு வந்தால் அல்வா சாப்பிடாமல் அம்மாவுக்கு ஆகாது. போன தடவை ஒரு கடையில் ‘சுகர் ஃப்ரீ அல்வா’ என்று எழுதியிருந்ததை நம்பி, சாதா அல்வாவைப் போல இரண்டு மடங்கு விலைக்கு அரைக் கிலோ வாங்கினோம். சுகர் இல்லாததுதானே என்று அம்மா மூன்றே நாளில் தீர்த்துவிட்டார். நாலாம் நாள் பார்த்தால் சுகர் 290. கடையில் போய்க் கேட்டால், “சீனியே போடலம்மா, முழுக்கக் கருப்பட்டிதான்” என்றார்கள். இந்த முறை ஓட்டல்களிலும் கடைகளிலும் அம்மாவுக்கு இனிப்பாக எதை வாங்கிக் கொடுக்கலாம்? என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அந்தக் கடைக்காரர் சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்தில் சீனி என்றால் வெள்ளைச் சீனி மட்டும்தான். சர்க்கரை என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் வெல்லம். சர்க்கரைப் பொங்கலில் இருக்கிறதே, அந்தச் சர்க்கரை. கருப்பட்டியை இந்த இரண்டிலும் சேர்க்க மாட்டார்கள், அது தனி மரியாதை உள்ள பொருள். அதனால் “சீனி போடல” என்று அவர் மனதறிந்து பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கும், மணமும் ருசியும் வேறு. சுகர் ஏறுவதில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் கிடையாது. புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டிக்கும் இதுதான் நிலை. எனக்கும் உயிர் அது. ஆனால் சுகர்காரருக்கு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம் அரைத்துச் செய்த உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஒரு பொருளைச் ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதி. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது வேறு வாசகம்; அதைப் போடுவதானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது, தேன்கூட ஆகாது. கருப்பட்டி அல்வாவுக்கு இந்த இரண்டு பெயரில் எதுவும் பொருந்தாது. ‘கருப்பட்டி அல்வா’ என்று எழுதி விற்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியதால்தான் உங்கள் அம்மா அரைக் கிலோவையும் பயமில்லாமல் சாப்பிட்டார். அந்தப் பலகை செய்த கெடுதல் அதுதான்.

ஆகவே கடையில் “இதுல சீனி இருக்கா?” என்று கேட்காதீர்கள். “அண்ணாச்சி, இனிப்புக்கு என்ன போட்டிருக்கிய?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டாவதற்குப் பொருளின் பெயரைச் சொல்லியாக வேண்டும். கருப்பட்டி, வெல்லம், தேன் என்றால் முழு இனிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுக்ரலோஸ், ஸ்டீவியா என்றால் அவற்றால் சுகர் ஏறாது. ஆனால் அல்வாவின் உடம்பே கோதுமைப் பால். அந்த மாவுச்சத்து சுகரை ஏற்றத்தான் செய்யும். “அது ஒரு பவுடர், கம்பெனியிலிருந்து வருது” என்பதுதான் பதில் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கு நல்ல அல்வாவே வாங்கிக் கொடுங்கள், 50 கிராம். சூடாக, இலையிலோ தாளிலோ வைத்துக் கொடுப்பதை அங்கேயே நின்று சாப்பிடுவது நெல்லையில் பழைய வழக்கம். அந்த அளவுக்குக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கீழரத வீதி இருட்டுக்கடை மாதிரி மாலையில்தான் திறக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது, காத்திருந்து சாப்பிட்ட நிறைவு இருக்கும். ஒரு பங்கு கோதுமைக்கு இரண்டு, மூன்று பங்கு சீனி போட்டுக் கிண்டுவது இந்த அல்வா. நெய்யைக் கழித்துப் பார்த்தாலும் 50 கிராமில் பாதிக்குக் குறையாமல் சீனியும் மாவும்தான். ஏறக்குறைய இரண்டு இட்லிக்கு உள்ள மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராத்திரி நாலு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு நிறுத்த வேண்டும். பரோட்டா என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். அல்வா தின்ற வாய்க்குக் கொஞ்சம் மிக்சர் என்பதும் நம் பழக்கம், அது தனிக் கணக்காகிவிடும். அன்றைக்கு மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தால் நல்ல பலன் உண்டு. கோயிலைச் சுற்றி நாலு ரத வீதியும் இருக்கிறது, தேர் பார்க்க வந்த அம்மாவுக்கு அதைவிட நல்ல நடை எங்கே கிடைக்கும்!

சுகர் பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டு வருவீர்கள் என்று நினைக்கிறேன். அல்வா சாப்பிட்ட அன்று இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, ‘பரவாயில்லையே’ என்று இன்னொரு துண்டு கொடுத்துவிட வேண்டாம். நெய் மிகுந்த பண்டம் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். சுகரும் தாமதமாக ஏறும். மூன்று, நாலு மணி நேரத்தில் இன்னொரு தடவை பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அரைக் கிலோ பொட்டலம் வேண்டவே வேண்டாம். அறையில் பொட்டலம் இருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு விள்ளல் எடுத்து நீட்டுவார்கள், அம்மாவும் மறுக்க மாட்டார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதைக் கிளம்பும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டல்களைப் பற்றி. மதியச் சாப்பாட்டில் பாயசம் தானாக வந்துவிடும். இலை போடும்போதே “பாயசம் வேண்டாம், இன்னொரு பொரியல் வைங்க” என்று சொல்லிவிடுங்கள். தம்ளர் முன்னால் வந்த பிறகு மறுப்பது சிரமம். பாயசம்தான் வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் அரைத் தம்ளர் குடிக்கட்டும், சோற்றில் ஒரு கை குறையட்டும். காலையில் கேசரியும் பொங்கலும் சேர்ந்து வரும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும், அது இரண்டு பக்கமும் மாவு. காபி, டீயில் சீனி இல்லாமல் கேட்டால் கிடைத்துவிடும். கருப்பட்டிக் காபி, பாதாம் பால் அப்படியில்லை. பெரும்பாலும் முதலிலேயே கலந்து வைத்திருப்பார்கள், “சீனி கம்மியா” என்றால் தலையை ஆட்டிவிட்டு அதையே தருவார்கள். ‘ஃப்ரூட் சாலட்’ என்ற பெயரைப் பார்த்துப் பழம்தானே என்று நம்ப வேண்டாம். பாகோ, கஸ்டர்டோ, ஐஸ்கிரீமோ இல்லாமல் அது வருவது அபூர்வம். ஐஸ்கிரீம் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் சாதா வெனிலா ஒரு உருண்டை போதும், மேலே ஊற்றும் பாகு வேண்டாம் என்று சொல்லலாம்.

நீங்கள் வருவது ஆனி என்பதில்தான் எனக்குச் சந்தோஷம். சீசனின் கடைசி நுங்கு இருக்கும். நுங்கில் பெரும்பகுதி தண்ணீர். மூன்று, நாலு சுளை தாராளமாகச் சாப்பிடலாம். மேல்தோலோடு சாப்பிட்டால் வயிறும் நிறையும். ஆனால் நுங்கு மட்டும் என்று சொல்லி வாங்குங்கள். பட்டை மடித்துப் பதநீரில் நுங்கைப் போட்டுத் தருவது நம்மூர்ச் சுகம்தான், எனக்குத் தெரியாதா? பதநீரில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஒரு பட்டை நிறையக் குடித்தால் 25, 30 கிராம் உள்ளே போய்விடும். நன்னாரி ஊற்றும் நுங்கு சர்பத்தும் அதே வழிதான். அம்மாவுக்கு நாலு வாய் பதநீர் கொடுங்கள், மீதியை நீங்கள் குடியுங்கள்.

குற்றாலத்தில் அருவிக் கரையோரப் பழக்கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் வரும். ஒரு மங்குஸ்தானில் தின்கிற சதை கொஞ்சம்தான். இரண்டு மூன்று சாப்பிட்டால் தவறில்லை. துரியன் அப்படியல்ல, மாவும் கொழுப்பும் கனமாக உள்ள பழம். ஒரு சிறு சுளைக்கு மேல் வேண்டாம். அம்மாவுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும் என்ற பழக்கம் இருந்தால், பகலில் வாங்கிய கொய்யாவில் பாதி அறையில் இருக்கட்டும். கொய்யாவில் நார்ச்சத்து நல்ல அளவு உண்டு, கடித்துத் தின்ன நேரமும் பிடிக்கும். பழச்சாறாக மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிரயாணத்தில் சாப்பாடு தள்ளிப்போய், அருவியில் நெடுநேரம் நின்று, அம்மாவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், உடனே பக்கத்தில் இருப்பவர்கள் “அல்வாவ வாயில போடுங்க” என்பார்கள். அது கூடாது. தாழ்ந்த சுகரை நெய்ப் பண்டம் சீக்கிரம் ஏற்றாது. மருந்துக்கடைக் குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது குவித்த மேசைக்கரண்டி ஒன்று, தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சுகர் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குச் சொல்லுங்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளிமெபிரைடு இருந்தால் இந்தத் தாழ்சுகர் வர வாய்ப்பு உண்டு. அதோடு வோக்லிபோஸோ அகார்போஸோ இருந்தால், சீனித் தண்ணீர் கொடுத்தாலும் வேலை செய்ய நேரமாகும், குளுக்கோஸ்தான் வேண்டும். கிளம்பும் முன் மருத்துவரிடம் இதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். 50 ரூபாய்க்குள் முடிகிற குளுக்கோஸ் பொட்டலம், கைப்பையில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: பெட்டியில் அடைத்த ‘சுகர் ஃப்ரீ’ லட்டு வாங்கி ரயிலில் நாலைந்து சாப்பிட்டேன். சுகர் பெரிதாக ஏறவில்லை, ஆனால் வயிறு போய்விட்டது. கெட்டுப்போன சரக்கா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் மால்டிடால் அல்லது சார்பிடால் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். சீனிக்குப் பதிலாகப் போடும் இந்த இனிப்புப் பொருள்கள் அதிகம் போனால் வயிற்றைக் கழியச் செய்யும். பெட்டியிலேயே அந்த எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். சரக்கைக் குறை சொல்ல முடியாது, அளவு கூடிவிட்டது. மால்டிடாலில் சீனியின் பாதி அளவு சக்தி உண்டு, சுகரையும் ஓரளவு ஏற்றும். பெட்டிப் பண்டத்தில் ஒரு வசதி: மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மாவுச்சத்து மூன்றையும் எழுதியாக வேண்டும். முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை 100 கிராமுக்கா, ஒரு லட்டுக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றோடு நிறுத்தினால் வயிறும் தாங்கும்.

கேள்வி: தாம்பரம் வாசகியைப் போல எனக்கும் நடந்தது. பில் கையில் இருக்கிறது. புகார் கொடுத்தால் பலன் உண்டா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு, கொடுங்கள். பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பலகையைப் படம் எடுத்தீர்களா? எடுக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் போகும்போது எடுத்துவிடுங்கள். பண்டத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முதலில் கடை உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். ‘சுகர் ஃப்ரீ’யை அழித்துவிட்டுக் ‘கருப்பட்டி அல்வா’ என்று எழுதிவிட்டால் நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பெரும்பாலானவர்கள் செய்துவிடுவார்கள். மறுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழில் பதிவு செய்யலாம். இழப்பீடு கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் வெயிலில் வெளுத்துப்போகும் தாள். இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.