பர்மா தேக்கு இறங்க, கானா தேக்கு ஏறியது எப்படி?

பர்மா, கானா இரண்டு நாடுகளின் தேக்கு ஏற்றுமதிக் கன மீட்டர் கணக்கை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பர்மாவின் இடத்தைக் கானா பிடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் பிடித்துவிட்டது. மரத்தில் இல்லை.

2018இல் சேலத்தில் வீடு கட்டும்போது, மரவாடியில் ‘பர்மா உருட்டு’ என்று காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆசாரி வந்து ஒரு கட்டையின் வெட்டு முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம். உள்ளே வளையத்துக்கு வளையம் ஒரு நெல்மணியைப் படுக்கவைக்கலாம். “இது கானா தம்பி. பர்மா மரம் இவ்வளவு அவசரப்படாது” என்றார்.

அவசரப்படாததற்குக் காரணம் இருக்கிறது. பர்மாவில் தேக்கு இயற்கையான காட்டு மரம். 1856இல் தென் பர்மாவின் பெகு காடுகளின் பொறுப்புக்கு வந்த பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், குறித்த சுற்றளவைத் தாண்டிய மரங்களை மட்டும் வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்த மரத்தையும் உடனே சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெள்ளையையும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். காய்ந்தால்தான் ஐராவதியில் மிதந்து ரங்கூன் வந்து சேரும். இந்த வியாபாரத்தைக் காட்டிப் போரே நடந்தது: 1885இல் பம்பாய் பர்மா கம்பெனி என்ற ஆங்கிலேய மர நிறுவனத்துக்கு மாண்டலேயில் இருந்த பர்மா மன்னரின் அரசு விதித்த மர அபராதத்தைச் சாக்காக வைத்துத்தான் ஆங்கிலேயர் படையெடுத்தனர்.

1989இல் தாய்லாந்து தன் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்ததும், அந்நாட்டு வியாபாரிகள் பர்மா எல்லைக் காடுகளுக்குள் இறங்கினார்கள். வடக்கே சீன எல்லை வழியாகக் கள்ளத்தனமாகப் போன மரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை மியான்மர் (பர்மாவின் இன்றைய பெயர்) நிறுத்தியது. தடை வருவது முன்பே தெரிந்ததால் வியாபாரிகள் வாங்கிக் குவித்தார்கள். உங்கள் வரைபடத்தில் அதற்கு முன் ஒரு மேடு தெரிந்தால் அதை வளர்ச்சி என்று படிக்காதீர்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின், அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன.

கானாவின் கதை வேறு. தேக்கு அந்த மண்ணின் மரமே அல்ல. தக்கோராடி துறைமுகம் வழியாக அவர்கள் ஐரோப்பாவுக்கு விற்றுவந்தது மகோகனி போன்ற காட்டு மரங்களை. 1990களின் நடுவில் அந்த உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். ஆனால் நட்டு வளர்த்த தேக்கு போய்க்கொண்டிருந்தது. இங்கே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடு வெட்டுவதற்குக் கடிவாளம் போட, நமக்கு வெளிநாட்டு மரம் தேவைப்பட்டது. இருபது, இருபத்தைந்து வயதுத் தேக்கு, கன்டெய்னரில் அடங்கும் அளவுக்குத் துண்டுபோட்டு, தூத்துக்குடி வந்து இறங்கியது.

ஆகவே ஒரு கன மீட்டருக்கு ஒரு கன மீட்டர் என்று ஒப்பிடாதீர்கள். நூறு வயதுக் காட்டு மரத்தில் பெரும்பகுதி வைரம், முற்றிய உள்மரம். தோட்டத்து இளமரத்தில் வெள்ளையைச் சீவித் தள்ளிய பின் தேறுவது குறைவு. ஏற்றுமதிக் கணக்கில் இரண்டும் ஒரே தேக்குதான்.

மரவாடிக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். “கானா என்று சொன்னால் யார் சார் வாங்குகிறார்கள்?” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். விலையைக் குறைத்தார். தேறிய மரத்தில் கதவு போட்டோம். நிலைக்கு வேங்கை வாங்கினேன்.