வாசகர் கேள்வி – பதில்: கிறிஸ்து எப்போது குமாரனானார்?

கேள்வி: எங்கள் சபையின் வேதபாட வகுப்பில், கிறிஸ்து நித்தியமானவர், அவர் தேவனே என்று கற்பித்த சகோதரர், "குமாரன்" என்ற பெயர் மட்டும் அவர் மரியாளிடத்தில் பிறந்தபோதே வந்தது, அதற்கு முன் அவர் "வார்த்தை" மாத்திரமே என்றார். "இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்ற 2ஆம் சங்கீத வசனத்தையும் லூக்கா 1:35ஐயும் ஆதாரமாகக் காட்டினார். இது துர்உபதேசமா?

பதில்: அந்தச் சகோதரருக்குச் சேரவேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். அவர் சொன்னது ஆரியுஸின் போதனை அல்ல. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சந்திரியாவில் மூப்பராயிருந்த ஆரியுஸ், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு என்றார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளினார்கள். உங்கள் ஆசிரியரோ கிறிஸ்துவின் தெய்வத்துவத்தில் அணுவளவும் குறைக்கவில்லை. பிதாவுக்கும் அவருக்கும் உள்ள பிதா–குமாரன் உறவு எப்போது தொடங்கியது என்பதில்தான் அவர் வேறுபடுகிறார்.

இந்தக் கருத்தும் பழையதே. நிசேயாவில் ஆரியுஸை எதிர்த்து நின்ற அன்கிராவின் ஆயர் மார்செல்லுஸ், மாம்சமாவதற்கு முன் இருந்தவரை "வார்த்தை" என்றே அழைக்கவேண்டும் என்று வாதிட்டவர். அவருடைய போதனையின்படி கடைசியில் குமாரனுடைய ஆளுகையும் முடிவுக்கு வந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். நற்கருணை ஆராதனையில் நாம் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்ற அறிக்கை இடம்பெற்றதற்கு அந்த அச்சமே காரணம். 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் வேத விளக்கவுரையாளர் ஆடம் கிளார்க் லூக்கா 1:35க்கு எழுதிய குறிப்பில், நித்திய குமாரத்துவம், அதாவது கிறிஸ்து நித்தியமாகவே குமாரன் என்ற போதனை, வேதத்துக்கு மாறானது, ஆபத்தானது என்றே எழுதினார். "குமாரன்" என்றால் தகப்பனுக்குப் பிந்தியவர் என்றாகிவிடும், அப்படியானால் கிறிஸ்துவின் தெய்வத்துவம் குன்றிவிடும் என்பது அவருடைய பயம். கிறிஸ்துவின் மகிமையைக் காப்பாற்றவே அவர் அப்படி எழுதினார் என்பதை மறக்கக்கூடாது. 1818இல் மெதடிஸ்ட் இறையியலாளர் ரிச்சர்ட் வாட்சன் அதற்கு மறுப்பு எழுதினார்; வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் வாட்சன் பக்கமே நின்றார்கள். 1929இல் பிரதரன் கூட்டங்களில் ஒரு பிரிவினருக்குள் அவர்களுடைய தலைவர் ஜேம்ஸ் டெய்லர் இதே கருத்தை மீண்டும் கொண்டுவந்தபோது அங்கும் பிளவு உண்டானது.

இனி வசனங்களுக்கு வருவோம். "இன்று" என்பது குமாரத்துவம் தொடங்கிய நாளானால், அது எந்த நாள்? அப்போஸ்தலர் 13:33இல் பவுல் இந்த வசனத்தை, தேவன் இயேசுவை எழுப்பினதோடு சேர்க்கிறார். எபிரெயர் 5:5 அதையே அவர் பிரதான ஆசாரியரானதோடு சேர்க்கிறது. யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோதும் வானத்திலிருந்து "என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்டது. பெத்லகேமில் குமாரனானவர் யோர்தானில் மறுபடியும் குமாரனாக முடியாது. கல்லறையிலிருந்து எழுந்த காலையில் மூன்றாம் முறையும் ஆக முடியாது. 2ஆம் சங்கீதம் அரியணை ஏறும் ராஜாவைப் பற்றிய சங்கீதம். அங்கே "இன்று" என்பது ராஜா இன்னாரென்று எல்லாருக்கும் முன்பாக அறிவிக்கப்படும் நாள். ஆகவே இயேசுவைக் குறித்த ஒவ்வொரு அறிவிப்பும் அவர் யாரென்று வெளிப்படுத்துகிறதே தவிர, அவரை யாராகவும் ஆக்கவில்லை. பழங்காலச் சபையின் ஆயர் அகுஸ்தீன் இந்த "இன்று" என்பதை நித்தியத்தின் முடிவில்லாத நாளாகவே விளக்கினார். அழகான விளக்கம்தான், ஆனால் சங்கீதத்தின் ஓட்டத்துக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நித்திய குமாரத்துவத்தை நிலைநாட்ட அது தேவையும் இல்லை.

லூக்கா 1:35இல் வரும் "ஆதலால்" என்ற சொல்லே கிளார்க்கின் வாதத்துக்குப் பெரிய பலம். அதை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. பரிசுத்த ஆவியின் நிழலிடுதலால், மனிதத் தகப்பன் இல்லாமல் பிறக்கும் இந்தப் பிள்ளை "தேவனுடைய குமாரன் என்னப்படும்" என்கிறான் தூதன். மரியாள் கேட்ட கேள்வி, "இது எப்படியாகும்?" என்பது. தூதன் அதற்கு விடை சொல்கிறான். பிறக்கப்போகிறவர் அதற்கு முன் யாராயிருந்தார் என்பதை அவன் அந்த இடத்தில் பேசவில்லை. அதைப் பேசுகிறவர் யோவான்.

"தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார்" (கலாத்தியர் 4:4) என்பதை மட்டும் வைத்து வாதாடினால் எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. "முதலமைச்சர் இந்தப் பள்ளியில்தான் படித்தார்" என்று சொல்கிறோம். படித்தபோது அவர் முதலமைச்சர் அல்ல. பின்னால் வந்த பெயரை முன்னால் நடந்ததற்கும் பயன்படுத்துவது எந்த மொழியிலும் வழக்கம்தான். ஆனால் யோவான் 17ஆம் அதிகாரத்துக்கு வந்தால் இந்தப் பதில் நிற்பதில்லை. மரணத்துக்கு முந்தின இரவில் இயேசு, "பிதாவே" என்று அழைத்து, "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்கிறார். இங்கே வெறும் பெயரல்ல, உறவே உலகத்தோற்றத்துக்கு முன்னால் வைக்கப்படுகிறது. அந்த அன்பு பிதா குமாரனில் வைத்த அன்பு இல்லையென்றால், அதை என்னவென்று அழைப்பது? யோவான் 1:18 குமாரனைப் "பிதாவின் மடியிலிருக்கிற" ஒரேபேறானவர் என்கிறது. மடியில் இருக்கிற பிள்ளையிடம் நீ எப்போது பிள்ளையானாய் என்று கேட்பவர் உண்டோ?

என் மனதை அதிகமாக வருத்துவது இதுதான்: குமாரத்துவத்துக்குத் தொடக்கம் வைத்தால், பிதாத்துவத்துக்கும் தொடக்கம் வைக்கவேண்டும். அப்போது "பிதா" என்பது தேவன் ஒரு நாளில் ஏற்றுக்கொண்ட பொறுப்பாகிவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் அவர் வேறு யாரோ என்ற சந்தேகத்துக்கு இடம் வந்துவிடும். அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியு ஆரியுஸின் கூட்டத்தாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதையே: பிதா எப்போதும் பிதாவே. ஆகவே அந்தப் போதனை தவறு என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் கிறிஸ்துவைத் தேவனென்று தொழுதுகொள்ளும் அந்தச் சகோதரரை ஆரியுஸின் பட்டியலில் சேர்க்கமாட்டேன், நீங்களும் சேர்க்கவேண்டாம். அவரோடு உட்கார்ந்து யோவான் 17ஐ வாசியுங்கள்.

கேள்வி: "ஒரேபேறான" என்ற சொல்லிலேயே "பெற்றார்" என்ற பொருள் இருக்கிறதே, பெற்றவர் முன்பும் பேறு பின்பும் இருக்கவேண்டாமா?

பதில்: மூலத்திலுள்ள "மோனோகெனேஸ்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு "ஒரே பேறானவர்" என்று பழைய திருப்புதலும், "ஒரே மகன்" என்று திருவிவிலியமும் பொருள் கொண்டிருக்கின்றன. எபிரெயர் 11:17இல் ஈசாக்குக்கும் இதே சொல்தான். அப்போது ஆபிரகாமுக்கு இஸ்மவேலும் இருந்தான். ஆகவே இந்தச் சொல்லில் தனித்துவமே மேலோங்கி நிற்கிறது என்பார் பலர். சொல் எப்படியிருந்தாலும், விசுவாசப்பிரமாணம் "ஜநிப்பிக்கப்பட்டவர்" என்று சொன்ன கையோடு "படைக்கப்படாதவர்" என்றும் சொல்லி, காலத்தை அங்கிருந்து அகற்றிவிடுகிறது. மனிதப் பிறப்பில் தகப்பன் முந்தியவன், ஏனெனில் மனிதன் காலத்துக்குள் வளர்ந்து தகப்பனாகிறான். தேவனிடத்தில் அந்த வளர்ச்சி இல்லை. எபிரெயர் 1:3 குமாரனை மகிமையின் "பிரகாசம்" என்கிறது. விளக்கை ஏற்றிப் பாருங்கள்: சுடரிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது, வெளிச்சத்திலிருந்து சுடர் வரவில்லை, ஆனாலும் வெளிச்சமில்லாத சுடர் ஒரு கணமும் இருந்ததில்லை. எந்த உவமையும் ஓரிடத்தில் குறைபடும். "முன்பு, பின்பு" என்ற உங்கள் சிக்கலுக்கு மட்டும் இது போதும்.

கேள்வி: அமெரிக்கப் போதகர் ஜான் மெக்ஆர்தரும் குமாரத்துவம் மாம்சமானபோது தொடங்கியது என்று எழுதியிருக்கிறார் என்கிறார்களே?

பதில்: 1983இல் வெளிவந்த அவருடைய எபிரெயர் விளக்கவுரையில் அப்படித்தான் இருந்தது. 1999இல் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். வேதம் பேசும் ஜநிப்பித்தல் காலத்துக்குள் நடந்த சம்பவம் அல்ல என்பதே அவர் வந்துசேர்ந்த முடிவு. பல ஆண்டுகள் போதித்ததை, அதுவும் அச்சேறியதை, பலரும் காணத் திருத்திக்கொள்வது எளிதல்ல. பழைய பதிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்; நமக்கு ஒரு குமாரன் கொடுக்கப்பட்டார்" (ஏசாயா 9:6). பாலகன்தான் பிறந்தார், குமாரன் பிறக்கவில்லை, கொடுக்கப்பட்டார். ஆகவே குமாரன் நித்தியமானவர் என்று எங்கள் போதகர் கிறிஸ்மஸ் செய்தியில் சொன்னார். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முடிவு சரி, ஆதாரம் பலவீனம். ஒரே கருத்தை இரண்டு அடிகளில் வேறு வேறு சொற்களால் சொல்வது எபிரெயக் கவிதையின் இயல்பு. பாலகனும் குமாரனும் அங்கே ஒருவரையே குறிக்கின்றன, பிறந்ததும் கொடுக்கப்பட்டதும் ஒரே நிகழ்ச்சியையே. உங்கள் போதகரின் செய்தியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கிளார்க்கின் வழியில் நன்கு படித்த ஒருவர் இதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன், உடைந்தது வாதமல்ல, சத்தியமே என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அடுத்த கிறிஸ்மஸுக்கு யோவான் முதலாம் அதிகாரத்திலிருந்து பேசும்படி அவரிடம் அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள்.