பிடிச்ச சோலி கசக்கு – கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் சேரன்மாதேவிக்காரன், வயசு 34, மெட்ராஸ்ல சோழிங்கநல்லூர் பக்கம் வேலை. பன்னெண்டு வருஷமா கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் கோடு எழுதுதேன், இப்ப இருக்க கம்பெனிக்கு வந்து நாலரை வருஷம் ஆச்சு. காலேஜ்ல சி லாங்குவேஜ் படிக்கும்போது லேப்ப பூட்டாதீங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கெஞ்சுன பய நான், இப்ப லேப்டாப்ப தொறந்தாலே வயித்தப் பெரட்டுது. எடிட்டர தொறந்து வச்சிட்டு போனத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன். ப்ராஜெக்ட் பத்து வருஷப் பழசு, ஆரம்பத்துல எழுதுன ஒருத்தரும் இப்ப கெடையாது, ஒரு எடத்தத் தொட்டா இன்னொரு எடம் ஒடையும். இப்ப அதையும் ஏஐ டூல் எழுதித் தருது, நான் வாசிச்சுட்டு ஓகே போடுதேன், மிச்ச நேரம் மீட்டிங்.

இந்த வருஷம் உருப்படியா செஞ்சது தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப மாமாவோட வாழைத்தார் மண்டி கணக்க சரி பண்ணிக் குடுத்ததுதான். சுடலை, சுடலைமுத்து, எஸ்.முத்துன்னு ஒரே ஆள மூணு ஆளா எழுதி வச்சிருந்தாங்க, அட்வான்ஸ் மூணு எடத்துல நிக்கி. போன் நம்பர வச்சு ஒண்ணாக்கலாம்னு பாத்தா இன்னொரு எடத்துல அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நம்பர், அதப் பிரிக்கதுக்குள்ள விடிஞ்சிட்டு, சாப்பிடலன்னு அத்தை ஏசுனா.

கன்னடியன் கால்வாய் பாசனத்துல ரெண்டு ஏக்கர் வயல் இருக்கு. பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து வெவசாயம் பாத்தா என்னன்னு தோணுது. வீட்ல இன்னும் சரியாச் சொல்லல. அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, அவங்ககிட்ட லேசா ஆரம்பிச்சதுக்கே 'படிச்ச படிப்பு என்னத்துக்குலே'ன்னு கேட்டுட்டாங்க. பிடிச்ச வேல ஏன் அண்ணாச்சி கசக்கு? நான் சோம்பேறி ஆயிட்டனா? விட்டுறலாமா?

பேர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

சோம்பேறின்னு எழுதியிருக்கீங்க. சோம்பேறி எவனும் தீபாவளி லீவுல விடிய விடிய முழிச்சு அடுத்தவன் மண்டிக் கணக்கு பாக்க மாட்டான், அத மொதல்ல விடுங்க. ப்ராஜெக்டப் பத்தி எழுதுன எடத்த திரும்ப வாசிச்சுப் பாருங்க, அதுல ஒரு மனுசன் கெடையாது, என்ன பிசினஸ்னு கூட கெடையாது. மண்டின்னு வந்த உடனே சுடலைமுத்து வாரான், அப்பனும் மகனும் வாராங்க, அத்தை ஏசுதா. போன் நம்பர் ஆளுக்கு ஒண்ணு இருக்கும்னு நம்பி எழுதி, அது பொய்னு தெரிஞ்சு, அப்ப ஒரு ஆள இன்னொரு ஆள்கிட்ட இருந்து எத வச்சுப் பிரிக்கதுன்னு உக்காந்து யோசிச்சீங்கள்லா, அந்த யோசனைதான் தம்பி ப்ரோக்ராமிங், டைப் அடிக்கது இல்ல. அது உங்களுக்குக் கசந்த மாதிரி எனக்குத் தெரியல.

டென்மார்க்ல பீட்டர் நௌர்னு ஒரு பெரிய ஆளு, கம்ப்யூட்டர் துறையில பெரிய விருதான டூரிங் விருத 2005ல வாங்குனவரு, 1985ல ஒரு கட்டுரை எழுதுனாரு. அதுல அவரு சொல்லுதது இதுதான்: ப்ரோக்ராம்ங்கது ஃபைல்ல கெடக்க எழுத்து இல்ல, அத எழுதுன ஆளுங்க மண்டைக்குள்ள இருக்க புரிதல், இது ஏன் இப்படி இருக்கு, நாளைக்கு ஒண்ண மாத்தணும்னா எங்க மாத்தணும், எங்க கைய வைக்கக் கூடாதுங்க அந்த வெவரம். எத்தன பக்கம் டாக்குமென்ட் எழுதி வச்சாலும் அது முழுசா அதுக்குள்ள வராது. அந்த ஆளுங்க கலைஞ்சு போயிட்டா ப்ரோக்ராம் செத்துப் போயிட்டுன்னு அர்த்தம், ஓடிக்கிட்டு இருக்கும், ஆனா செத்துட்டு. அதுக்கு மறுபடி உயிர் குடுக்கதவிட சில நேரம் புதுசா எழுதுதது மேலுங்காரு.

இப்ப உங்க ப்ராஜெக்டப் பாருங்க. எழுதுனவங்க ஒருத்தரும் இல்ல, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கிளையன்ட்டுக்கும் தெரியாது, ஆனா இதச் சரி பண்ணு, அத மாத்துன்னு டிக்கெட் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு, நீங்க நாலரை வருஷமா ஒரு பாழடைஞ்ச வீட்டுக்கு காவல் இருக்கீங்க. பிடிக்கலன்னா ஆச்சரியம் இல்ல, பிடிச்சிருந்தாத்தான் ஆச்சரியம். இதுல 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் இன்னொரு கூத்தும் சேந்துட்டு. முன்னாடி யாரோ ஒருத்தன் மண்டையில இருந்து அழிஞ்சு போன கோடு, இப்ப எழுதும்போதே யார் மண்டையிலயும் இல்லாத கோடு. டூல நான் குறை சொல்லல, நானே வச்சுக்கிட்டுதான் இருக்கேன், அலுப்பு பிடிச்ச வேலைய நல்லாவே செய்யுது. ஆனா அது எழுதுனத வாசிச்சு ஓகே போடுத ஆளுக்கு பொறுப்பு இருக்கும், சந்தோஷம் இருக்காது, இது ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு 'நீங்க இனிமே பத்து மடங்கு வேகம்'னு சொல்லுத மேனேஜர்மார நெனச்சா எரிச்சலாத்தான் வருது.

நானும் இந்தச் சோலியில கெடந்தவன்தான். ஃபாக்ஸ்ப்ரோன்னு ஒரு பழைய லாங்குவேஜ்ல பில்லிங் ப்ரோக்ராம் எழுதிக் குடுத்துக்கிட்டு திருநெல்வேலி டவுண் ரதவீதி பாத்திரக்கடைங்க, ஜங்ஷன் ஜவுளிக்கடைங்கன்னு அலைஞ்ச காலம் ஒண்ணு உண்டு. எவர்சில்வர் பாத்திரத்த எடை போட்டு விப்பாங்க, ஆனா ஒரே கடையில டம்ளர எண்ணி விப்பாங்க, குடத்துக்கு எடை, கல்யாணச் சீர் செட்டுக்கு மொத்தமா ஒரு வெல, இத ஒரு டேபிளுக்குள்ள கொண்டு வரதுக்கு மொதலாளிகூட உக்காந்து மல்லுக் கட்டணும். 2007ல மைக்ரோசாப்ட் இனிமே ஃபாக்ஸ்ப்ரோவுல புதுசா எதுவும் வராதுன்னு சொல்லிட்டான், கூட இருந்தவங்கள்ல பாதிப்பேரு வேற லாங்குவேஜ் படிச்சு மெட்ராஸ் போயிட்டாங்க, சில பேரு சோலிய விட்டுட்டு வேற தொழில் பாத்தாங்க. விட்டவங்க கெட்டுப் போகல. ஒருகாலத்துல பிடிச்சதுங்கதுக்காக சாகுற வரைக்கும் அதையே கட்டி அழணும்னு சட்டமா இருக்கு? இருந்தாலும் உங்க கேசுல அவ்வளவு தூரம் போக வேண்டாம்னு நெனைக்கேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்ட, அதாவது வேலையில வெந்து ஓஞ்சு போறத, தன்னோட பட்டியல்ல சேத்தப்ப அத நோய்னு சொல்லல, வேலை எடத்துல வாரது, சரியா கையாளாத நெருக்கடியால வாரதுன்னுதான் சொல்லிச்சு. சக்தி வடிஞ்சு போகும், வேலைமேல ஒரு வெறுப்போ வெலகலோ வரும், நம்ம செய்யுததுக்கு பிரயோசனமே இல்லன்னு தோணும். மூணும் உங்க கடிதத்துல இருக்கு. ஆனா அது வேலையோட நிக்கணும். மண்டியில முழிப்பு இருந்துதே, அதனால வேலையோடதான் நிக்குன்னு நெனைக்கேன். அப்படி இல்லாம புள்ளையோட வெளையாடவும் மனசு வரல, தூக்கம் இல்ல, சோறு எறங்கலன்னா அது ராஜினாமாவுல தீராது, டாக்டரப் பாக்கணும். 14416ன்னு டெலிமானஸ் நம்பர் இருக்கு, மனநல உதவிக்கு, அரசாங்கத்தோடது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். வெக்கப்படாதீங்க.

இப்ப வயல். உங்க கடிதத்துல எனக்குப் பிடிக்காத எடம் இதுதான். ப்ரோக்ராமிங்க விடணுமாங்கது ஒரு கேள்வி, ஊருக்கு வரணுமாங்கது வேற கேள்வி, நீங்க ரெண்டையும் ஒரே முடிச்சாப் போட்டு வச்சிருக்கீங்க. கணக்குப் பாப்போம். ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல்லுன்னு வச்சுக்கோங்க, நல்ல மகசூல்தான், ரெண்டு ஏக்கருக்கு 50. கவர்மென்ட் கொள்முதல் வெல 2025-26ல சாதா ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2500 ரூவா, ஆக 1,25,000. உழவு, நாத்து, நடவுக்கூலி, களை, ஒரம், அறுப்பு மிஷின்னு பாதிக்கு மேல போயிரும். பிசானப் பருவ நெல்லு ஒழுங்கா வந்து, பாவநாசம் டேம்ல தண்ணி இருந்து கார் பருவமும் போட்டா இன்னொரு தடவ அதே காசு. வருஷம் முழுக்க வெயில்ல நின்னாலும் உங்க ஒரு மாசச் சம்பளத்த ஒட்டித்தான் நிக்கும். ஏத்தன் வாழை போட்டா காசு பாக்கலாம், ஒரு சூறக்காத்துல அம்புட்டும் சாஞ்சும் போகும், 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்தங்கரை வயலெல்லாம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெவசாயம் பாக்காதீங்கன்னு சொல்லல. வெவசாயம் ஆசப்பட்டு செய்ய வேண்டிய சோலி, டிக்கெட்டுக்குப் பயந்து ஓடி வந்து ஒளியுத எடம் இல்ல. உங்க கடிதத்துல வயலப் பத்தி மொத்தம் ரெண்டு வரிதான், என்ன பயிர் போடுவேன்னு கூட நீங்க சொல்லல, கவனிச்சீங்களா?

ஊர்தான் வேணும்னா வயல் மட்டும்தான் வழியா? தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் நடக்கு, கங்கைகொண்டான்ல எல்காட் ஐடி பார்க் இருக்கு, வீட்ல இருந்தே வேலை பாக்க பயலுவ நம்ம பக்கத்துலயே எத்தனையோ பேரு. சம்பளம் கொறையலாம், ஆனா சோழிங்கநல்லூர் வாடகையும் கொறையும்லா.

என் யோசனை என்னன்னா, ராஜினாமா பேப்பர இப்ப போடாதீங்க. லீவு போட்டு ஒரு பத்து நாளு லேப்டாப்ப தொறக்காதீங்க, தூங்குங்க. அப்புறம் கம்பெனிக்குள்ளயே வேற டீம் கேளுங்க, சம்பளமோ டெசிக்னேஷனோ பாக்காம, எழுதுன ஆளுங்க இன்னும் பக்கத்து சீட்ல இருக்க சின்ன ப்ராஜெக்டாப் பாத்துக் கேளுங்க, 'இது ஏன் இப்படி இருக்கு'ன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். தரலன்னா வெளிய தேடுங்க, அதையே இன்டர்வியூல கேள்வியாவும் கேளுங்க. மண்டி வேலையையும் முழுசா முடிங்க, ஆனா அதையே தொழிலா நெனச்சிராதீங்க, மாமா ஏத்தன் தார் ஒண்ணு குடுப்பாரு, இஎம்ஐ கட்ட மாட்டாரு. இவ்வளவும் செஞ்சு, உயிரோட இருக்க ஒரு ப்ராஜெக்ட்லயும் வயித்தப் பெரட்டுதுன்னா அப்ப விடுங்க, யாருக்கும் விளக்கம் சொல்லாண்டாம், அப்பாவுக்கு மட்டும் பைய எடுத்துச் சொல்லுங்க.

விடுததா இருந்தாலும் அஞ்சு வருஷம் முடிச்சுட்டு விடுங்க, இன்னும் ஆறு மாசம்தான, கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை வரும். பேசிக் சம்பளம் மாசம் 50,000ன்னா அதுல 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து அஞ்சு வருஷத்துக்குப் பாத்தா 1,44,000 சொச்சம், அத எதுக்கு கம்பெனிக்கு விட்டுட்டு வரணும். அதவிட முக்கியம் அப்பாவோட இன்சூரன்ஸ். கம்பெனி பாலிசியில இருக்காங்கன்னா நீங்க வெளிய வந்த உடனே அது போயிரும், தனியா புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்க நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம், முன்னாடி அது நாலு வருஷமா இருந்து 2024ல கொறைச்சாங்க. குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாறுததுக்கு வழி உண்டு, ஆனா கடைசி நாளுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேட்டு எழுத்துல வாங்கணும். இதெல்லாம் பண்ணுததுக்கு முன்னாடி மொத வேலையா வீட்ல சொல்லுங்க, லேசா இல்ல, முழுசா. சம்பளம் இல்லாம எத்தன மாசம் ஓட்ட முடியும்ங்க கணக்கு உங்களவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

அன்புடன்,
அண்ணாச்சி