டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா: மலைப்பாதைக்கு எது ஏற்றது?

கேள்வி: தென்காசியில் குடியிருக்கும் நான், வேலையின் பொருட்டு வாரத்தில் சில நாட்கள் புளியரை மலைப்பாதை வழியாக ஆரியங்காவு சென்று மாலையில் திரும்புகிறேன். 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று வாங்க இருக்கிறேன். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். இரு சக்கரங்களின் பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் வசதி இருப்பதால் டிரம் பிரேக்கே போதும் என்கிறார் விற்பனையாளர். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியே வேண்டாம் என்கிறார் என் அத்தான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியையே வாங்குங்கள். தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மட்டும் ஓட்டுபவராக இருந்தால் விற்பனையாளர் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். உங்கள் பாதையில் இறக்கம் இருக்கிறது, சாரலும் இருக்கிறது. இந்த இரண்டும்தான் டிரம் பிரேக்கின் பலவீனங்கள்.

ஓடும் வண்டியின் ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதே எந்தப் பிரேக்கும் செய்யும் வேலை. வேகம் இருமடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் மூடிய உருளைக்குள் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து உட்சுவரை அழுத்துகின்றன. தூசி எளிதில் புகாது, செலவும் குறைவு. ஆனால் இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் உள்ளே சேரும் வெப்பம் வெளியேற வழியின்றி ஷூவின் பிடிப்பு தளர்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நழுவிச் செல்வதுபோல் தோன்றுவது இதனால்தான். தேங்கிய மழைநீர் உள்ளே புகுந்துவிட்டாலும் அது உலரும்வரை பிரேக் மந்தமாகவே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் தகடு வெளியே காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. அதன்மீது படியும் நீரும் சுழற்சியில் சிதறிவிடுகிறது, மீதியை, தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடுகள் துடைத்துவிடுகின்றன.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்கையே சாரும். ஆகவே டிஸ்க் முன்னால் இருந்தால் போதும். பின்னால் டிரம் இருப்பது குறையன்று.

சிபிஎஸ் என்பது இடக்கைப் பிரேக்கைப் பிடிக்கும்போது பின்சக்கரத்தோடு முன்சக்கரத்திற்கும் ஓரளவு பிரேக்கைப் பகிர்ந்தளிக்கும் இணைப்பு மட்டுமே. அது சக்கரம் இறுகி வழுக்குவதைத் தடுக்காது, டிரம்மின் சூட்டையும் தணிக்காது. சக்கரம் சுழலாமல் நிற்கப் போவதை உணர்கருவியால் அறிந்து, அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிப்பது ஏபிஎஸ். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகவும், அதற்கு உட்பட்டவற்றுக்குச் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் போதும் என்றும் விதி வந்தது. ஈரச் சாலையில் ஏபிஎஸ் மிகவும் பயனுடையது என்பதில் உங்கள் அத்தான் சொல்வது சரியே. உங்கள் பணத்திற்குள் அத்தகைய வண்டி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்; கிடைக்காவிட்டால் அதற்காக வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கூடுதல் விலை முழுவதும் பிரேக்குக்குத்தானா, அலாய் சக்கரம் போன்றவையும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும், பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி இஞ்சினை அணைத்துவிட்டுப் புளியரை இறக்கத்தில் இறங்காதீர்கள். இஞ்சின் தரும் தடையும் போய், முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். 'எஸ்' வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரு கைப் பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, இடையிடையே விட்டு ஆறவிடுங்கள். சரக்கு லாரிகளின் பின்னால் நெருங்கி இறங்குவதும் வேண்டாம். காற்றழுத்தத்தால் இயங்கினாலும் அவற்றிலும் பெரும்பாலும் இருப்பது சூடேறும் டிரம் பிரேக்கே.

டிஸ்க்குக்குப் பராமரிப்பு உண்டு என்பது உண்மைதான். கைப்பிடியருகே உள்ள சிறு குப்பியின் கண்ணாடியில், பேடுகளை அழுத்தும் பிரேக் எண்ணெயின் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பேடுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை குறைந்துகொண்டே வரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். குப்பியின் மூடியில் டாட் 3, டாட் 4 என எது பொறித்திருக்கிறதோ அந்த வகையையே, முத்திரை உடையாத புட்டியிலிருந்து, உங்கள் கண்முன் ஊற்றச் சொல்ல வேண்டும்.