படிப்பு வட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பணம்: டிரஸ்ட் எல்லாம் வேண்டாம்

காரைக்குடியில் முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: “எட்டுப் பேர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி, செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் கணக்கு), இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) நகல்களை வைத்துப் பேசுகிறோம். ஜெராக்ஸ், வேன் செலவுக்குப் பல்கலைக்கழகம் பணம் தருமா? டிரஸ்ட் பதிவு செய்து நிதி வாங்கித் தருவதாக ஒருவர் பத்தாயிரம் கேட்கிறார்.”

பத்தாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. பல திட்டங்களில் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்பார்கள். நேற்றுப் பதிவான டிரஸ்ட் அதற்கு எங்கே போகும்? நீங்கள் படித்து முடித்தே போயிருப்பீர்கள்.

பணம் மாணவர் பெயரில் வராது. துறை ஆசிரியர் ஒருவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டு, துறைத் தலைவர் வழியாகப் பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எத்தனை கூட்டம், என்ன தலைப்பு, என்ன செலவு என்பது போதும். பணம் ஒதுக்கும் ஆணை கைக்கு வந்த பிறகே செலவு செய்யுங்கள். “செய்யுங்க, வந்துடும்” என்ற வாய்வார்த்தையை நம்பிக் கைக்காசு போட்டுவிட்டு நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாச் செலவுக்கும் பில் வேண்டும். ஆனால் பழைய பேரேட்டை வாசித்துக் காட்ட, கணக்குப்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவரை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பில் கேட்க முடியுமா? வெள்ளைத்தாள் ரசீது போதும். பெயர், முகவரி, தேதி, எதற்காக, தொகை எண்ணிலும் எழுத்திலும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் படும்படி வாங்குங்கள். கைநாட்டு என்றால் பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து. இப்படி அழைத்தவருக்குக் கொடுக்கும் தொகைக்கு ‘மதிப்பூதியம்’ என்ற இனம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும், பிறகு நுழைக்க விடமாட்டார்கள்.

நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது ஆறாயிரம் ரூபாய் ரசீது ஒன்று மூன்று முறை திரும்பியது. முதல் முறை ஸ்டாம்ப் இல்லை, அடுத்து முகவரி இல்லை, அப்புறம் தேதி. மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்குள் மார்ச் 31 தாண்டி நிதியாண்டே முடிந்துவிட்டது. ரசீதில் கையெழுத்துப் போட்ட பெரியவருக்கு ஒரு பையன் தன் ஸ்காலர்ஷிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இன்றைக்கு நினைத்தாலும் மனது ஆறவில்லை.

ஆணை வந்ததும் இன்னொருவர் வருவார். உங்கள் சின்னக் கூட்டத்தைப் ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ ஆக்கி, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணோடு கட்டுரைத் தொகுப்பு போடலாம், தலைக்கு ஆயிரத்தைந்நூறு என்பார். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. எண் இருப்பதால் கட்டுரை தரமானதாகிவிடாது. எட்டுப் பேர் ஓர் ஐந்தொகையை வரிவரியாக வாசிப்பதுதான் ஆராய்ச்சி. அதை விட்டுவிடாதீர்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைப் பார்க்கச் சென்னையில் அவர் பெயரில் உள்ள நூலகத்துக்குப் போவதாக இருந்தால், அந்தப் பயணச் செலவையும் இதே கடிதத்தில் எழுதுங்கள். ஜூலைக்குள் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.