சின்னத் தொழில் நடத்துகிறவர்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தவிர வேறு எப்படி உதவலாம்?

கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், நன்கொடை கொடுத்துவிட்டு ஒதுங்காமல் நாங்களே நேரில் போய் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் உங்கள் மனதில் இப்போது நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஓடியது. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்குச் சிவகாசியில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். முதல் வருஷம் 600 நோட்டு அடித்து, பின் அட்டையில் வாய்ப்பாடும் அதற்குக் கீழே எங்கள் பிரஸ் பெயரும் போட்டுப் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு வேனில் கொண்டுபோய் இறக்கினேன். தலைமையாசிரியை காபி கொடுத்தார், நன்றி சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று, "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. நோட்டு அரசாங்கமே குடுக்குது. புத்தகம், பை, செருப்புகூட வந்துருது. எனக்கு ஆளுதான் பத்தல" என்றார்.

தப்பாகத்தான் நினைத்தேன். இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

"பிரஸ் பெயர் போட்டீர்களே, விளம்பரத்துக்குத்தானே செய்தீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆமாம், முதல் வருஷம் விளம்பரத்துக்குத்தான். ஒத்துக்கொண்டாயிற்று, மேலே போகலாம். இன்னொருவர் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) சட்டம் என்று வருவார். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 யாருக்கு? வருஷ லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனிகளுக்கு. அவர்கள்தான் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். என் பிரஸ்ஸுக்கும் அந்தப் பிரிவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு இதற்கெல்லாம் சட்டம் தேவைப்பட்டதும் இல்லை. என் தாத்தாவின் பழைய பில் புத்தகத்தில் சரக்கு விலைக்குக் கீழே 'மகமை' என்று தனி வரி இருக்கும். வியாபாரத்தில் ஒரு துளி எடுத்துப் பொதுக் காரியத்துக்கு வைப்பது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் ஆரம்பித்தது இப்படிப்பட்ட காசில்தான். வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் வாங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஆள் பத்தல' என்று அந்த டீச்சரம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கியது, கம்ப்யூட்டரில் அச்சுக்கோர்க்கும் எங்கள் டி.டி.பி. பெண். 2021 கடைசியில் அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது, வேலைக்குச் சேருவதற்கு முன்னால் தன்னார்வலராக இருந்தவர் அவர். சாயங்காலம் 5 முதல் 7 வரை தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்தான் என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றிச் சொன்னார்.

தெரியாதவர்களுக்கு: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். இரண்டு தாள்: ஒன்று பாடம், இன்னொன்று மனத்திறன், தாளுக்கு 90 கேள்வி. பாடத்தை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். மனத்திறனுக்குத்தான் பள்ளியில் நேரம் கிடைப்பதில்லை. எண் தொடர், பகடை, கண்ணாடிப் பிம்பம், மடித்த காகிதத்தில் துளை போட்டுப் பிரித்தால் எப்படி இருக்கும், இந்த மாதிரிக் கேள்விகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பேப்பர் கோடவுன் மாடியில் 14 பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். எண் தொடருக்கு எங்கள் கணக்குப் பார்க்கும் பெண், பி.எஸ்சி. கணிதம். நான் பகடை எடுத்தேன். என் வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவது வாரம் காகித மடிப்பு. கரும்பலகையில் புள்ளிக்கோடு போட்டு விளக்கினால் பிள்ளைகள் தலையை ஆட்டுகிறார்கள், விடை மட்டும் தப்பாக வருகிறது. லீவு நாளில் செல்போனை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்த எங்கள் பைண்டிங் ஆள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்போடு நின்றவர், முப்பது வருஷமாக ஃபாரம் (புத்தகப் பக்கங்களாக மடிக்கிற அச்சுத் தாள்) மடிக்கிறவர். கீழே போய் ஒயிட் கட்டிங்கில் (அச்சேறாத வெட்டுக் காகிதம்) இருந்து ஒரு கத்தை அள்ளிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு தாள். மூன்று மடிப்பு மடிக்கச் சொல்லி, பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டார். "பிரிக்காம சொல்லு, எத்தன ஓட்ட?"

எட்டு. சொன்னவர்கள் நான்கைந்து பேர். பிரித்துப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் விளங்கிவிட்டது. இன்னொரு மடிப்பு என்றால்? பதினாறு என்று ஒரு பெண் பிள்ளை கத்தியது.

அவர் அதோடு விடவில்லை. வேறொரு தாளை மூன்று மடிப்பாக மடித்து, விளிம்பைப் பிரிக்காமலே ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண் போட்டுப் பிரித்துத் தரையில் விரித்தார். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு. நாலுக்குப் பக்கத்தில் பதின்மூன்று. எட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது. ஐந்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு. "ஜோடி ஜோடியா கூட்டிப் பாரு. எப்பவும் பதினேழுதான் வரும். வரலைன்னா பக்கம் மாறிப்போச்சுன்னு அர்த்தம், முதலாளி திட்டுவாரு" என்றார். கணக்குப் பெண் குனிந்து எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்த்தார். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷம் பிரஸ் வைத்திருக்கிறேன், ஃபாரம் சரியாக வந்திருக்கிறதா என்று அவரிடம் நீட்டித்தான் கேட்டிருக்கிறேனே தவிர, அவர் எப்படிச் சரிபார்க்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த வாரத்தில் இருந்து மடிப்பு வகுப்பு அவருடையது. அதில் வந்தது வம்பு.

ஒரு ஞாயிறு, யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுவிட்டார்கள். லீவு நாளில் பிரஸ்ஸுக்குள் சின்னப் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள் என்று. அதிகாரிகள் இரண்டு பேர் மாடி ஏறி வந்து பார்த்தால், 14 பிள்ளைகள் ரீம் கட்டுகள் மேல் உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பைண்டிங்காரர் கையில் மடிப்பு எலும்போடு (மடிப்பை அழுத்தித் தேய்க்கும் பட்டை) நின்று, "வேகமா, வேகமா" என்கிறார். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன விளக்கம் கொடுத்தால் எடுபடும்? வந்த இரண்டு பேரில் ஒரு அம்மா ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டார். அவன், "போன வாரம் பத்துக்கு ஏழு குடுத்தாங்க மேடம்" என்றான்.

தலைமையாசிரியை வந்து சொன்ன பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. வெளியூரில் சிவகாசி என்று சொன்னாலே "அங்கே சின்னப் பிள்ளைகளை..." என்று இழுப்பார்கள். எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் வந்தது சரிதான். அப்படி ஒரு போன் வந்தும் அவர்கள் வராமல் இருந்திருந்தால் அதுதான் தப்பு. என் அக்கா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். விடியுமுன்னே பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பாதித் தூக்கத்தில் தூக்குவாளியோடு ஏறுவாள். அவள் கட்டை அடுக்கிய கூலியில் நான் பாலிடெக்னிக் படித்தேன். 1996-இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்களை முன்வைத்த வழக்கில்தான். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டாள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: வகுப்பை உங்கள் இடத்தில் வைக்காதீர்கள். பள்ளியிலேயே வையுங்கள். நாங்கள் சனிக்கிழமைக்கு மாற்றிப் பள்ளிக்கே போய்விட்டோம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது உடன் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பொன்னாடை வேண்டவே வேண்டாம். எங்கள் பகுதியில் ஒரு சங்கத்தின் விழாவில் பத்துப் பேருக்குப் பேனா கொடுக்க நாற்பது பேருக்குப் பொன்னாடை போட்டார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள்.

இனி நான் செய்த தப்பு. எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும். அதில் இருந்து ஆர்டர் ஏற ஏற, ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி பகல் தெரியாது. இந்தத் தேர்வோ கொஞ்ச வருஷமாக ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. பிள்ளைகளுக்கு நாங்கள் எப்போது தேவையோ சரியாக அப்போதுதான் எங்களுக்கு நேரம் இல்லை. முதல் வருஷம் ஏழு வாரம் யாருமே போகவில்லை. சொல்லவும் இல்லை. மார்கழியில் ஒரு சனிக்கிழமை போனபோது, பதினாறு என்று கத்திய அந்தப் பிள்ளை கேட்டது: "காலண்டர் முடிஞ்சிருச்சா சார்?" குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. அதற்கு நான் "முடிஞ்சிருச்சும்மா" என்றேன். முடியவில்லை, பாதி ஆர்டர் மெஷினில் இருந்தது.

அந்த வருஷம் 14 பேரில் ஒரே ஒரு பையன் தேறினான். அந்தப் பிள்ளை தேறவில்லை. இப்போது ஆனி மாதமே ஆரம்பித்து, சீசனில் ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பேர் என்று முறை போட்டிருக்கிறோம். போகிறவருக்கு அரைநாள் கூலி பிடிப்பதில்லை. "அப்புறம் எப்படி அது தன்னார்வம்" என்று கேட்பவர்கள் அரைநாள் கூலியை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். போன வருஷம் மூன்று பேர் தேறினார்கள்.

பாடமே நடத்தத் தெரியாது என்றாலும் வேலை இருக்கிறது. தேர்வில் தேறிய பிள்ளைக்குப் பணம் வராமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் பெயர்தான். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவில் ஒரு எழுத்து, பாங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால். எங்கள் டி.டி.பி. பெண் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரில் ஒற்று விட்டதையே பிடிக்கிறவர். மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பென்சிலால் சுழித்துவிடுவார். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு யாராவது கூடப் போவோம். கூலிக்குப் போகும் அம்மாக்களுக்கு அரைநாள் லீவு போடுவது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதையும் மறந்துவிடுவார்கள்.

உங்கள் கடை என்ன கடை என்று கேள்வியில் இல்லை. மளிகையாக இருந்தால் உங்கள் ஆள் தராசும் சதவீதமும் சொல்லிக்கொடுப்பார். தையல் என்றால் வடிவியல். முதலில் ஆட்களிடம் கேளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

எழுதிக்கொண்டே வரும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிரஸ் வைத்திருக்கிறவன் என்றால் காலண்டர் மரத்தில் காய்க்கிறது என்று நினைக்கிறீர்கள். மார்கழி வந்தால் சொந்தக்காரர், பாங்க்காரர், பால்காரர், சலூன், எல்லோருக்கும் ஓசியில் ஒன்று வேண்டும், அதுவும் முருகன் படம்தான் வேண்டும். கார்த்திகையில் சரக்கு எடுத்த பார்ட்டி மாசியில்கூடப் பணம் அனுப்பாமல், "பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா பாடம் நடத்துறீங்களாமே, எங்களுக்கு ரெண்டு மாசம் பொறுக்க மாட்டீங்களா" என்று போனில் கேட்டார். அதற்கும் இதற்கும் என்னங்க சம்பந்தம்?

மடிப்பு வகுப்புக்குத் தாள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஒயிட் கட்டிங் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, ஒரு மூட்டை லாரியில் போட்டுவிடுகிறேன். வாடகை மட்டும் அங்கே நீங்கள் கொடுத்துவிடுங்கள்.