மரை ஏறினால் மட்டும் போதுமா?

கேள்வி: மலையடிவாரத்தில் எங்கள் வீடு இருப்பதால் சிக்னல் குறைவு. 4ஜி ரூட்டரின் ஆண்டெனா ஒடிந்துவிட்டதால், பழைய வைஃபை ரூட்டரில் இருந்ததைக் கழற்றி மாட்டினேன். மரை நன்றாக ஏறி இறுகியும் சிக்னல் கூடவில்லை. ரூட்டர் பழுதாகிவிட்டதா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்.

பதில்: ரூட்டரைச் சந்தேகிக்கும் முன், ரூட்டரிலும் ஆண்டெனாவிலும் உள்ள இரண்டு கனெக்டர்களின் நடுப்பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டிலும் துளையே இருக்கும் என்று நினைக்கிறேன்.

குழாய் வேலை செய்பவர் வெளிப்புறம் மரை உள்ளதை ஆண் என்பார். ரேடியோ கேபிள்களில் அந்த வழக்கு செல்லாது. ஆண்டெனாவை மாட்டப் பயன்படும் சிறு மரைக் கனெக்டரான எஸ்எம்ஏவில் நடுவே ஊசியும் சுற்றிலும் உள்மரை நட்டும் இருந்தால் ஆண். நடுவே துளையும் வெளியே மரையும் இருந்தால் பெண். இந்த எளிய கணக்கைக் குழப்பியது ஆர்பி-எஸ்எம்ஏ என்னும் வகை. உரிமம் தேவைப்படாத சிறு கருவிகளில் பயனர்கள் தம் விருப்பத்துக்கு வேறு ஆண்டெனாவை மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமான கனெக்டர்களை அவற்றில் பொருத்தக் கூடாதென அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதித்தது. உற்பத்தியாளர்களோ மரையை அப்படியே வைத்துக்கொண்டு, ஊசியையும் துளையையும் மட்டும் இடம் மாற்றினார்கள். இன்று அந்த வகையும் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதால், விதியின் நோக்கத்தைவிடக் குழப்பமே நிலைத்துவிட்டது. இதில் பெயர் மரையைப் பின்பற்றுகிறது: உள்மரை நட்டு உள்ளதே ஆண், நடுவில் துளை இருந்தாலும்.

வைஃபை ஆண்டெனாக்கள் பெரும்பாலும் இவ்வகை. 4ஜி ரூட்டர்களில் சாதாரண எஸ்எம்ஏ பெண் கனெக்டரே வழக்கம். ஆகவே மரை ஏறும், ஆனால் துளையும் துளையும் எதிரெதிரே நிற்க, நடுக்கம்பிக்குத் தொடர்பே கிடைக்காது. ஊசியோடு ஊசி மோதும் சேர்க்கையாக இருந்திருந்தால், இறுக்கும்போது ரூட்டரின் கனெக்டரே கெட்டிருக்கும்.

ஒரு முனையில் எஸ்எம்ஏ ஆணும் மறுமுனையில் ஆர்பி-எஸ்எம்ஏ பெண்ணும் கொண்ட அடாப்டர் கிடைக்கிறது என்றாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைஃபை ஆண்டெனா 2400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளுக்கானது. நம் நாட்டு 4ஜி 850, 900, 1800, 2300 எனப் பல அலைவரிசைகளில் வருகிறது, அவற்றுள் தொலைவு செல்லும் தாழ்ந்த அலைவரிசைகளுக்கு அது ஒத்துவராது. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலோ கடையில் கேட்கும்போது, 4ஜி ஆண்டெனா, எஸ்எம்ஏ ஆண், நடுவில் ஊசி என்று மூன்றையும் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

ஆண்டெனாவை மொட்டைமாடிக்குக் கொண்டு செல்வதானால், வீட்டில் கிடக்கும் டிவி கேபிள் வேண்டாம். கேபிளும் கருவியும் ஒத்துப்போக வேண்டிய இம்பிடன்ஸ் என்னும் அளவு அதில் 75 ஓம், ரூட்டருக்கு உரியது 50 ஓம். 50 ஓம் ஆனாலும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டருக்குள் 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் பாதிக்கு மேல் வீணாகிவிடும் என்பதால், ரூட்டரையே மாடியறைக்கு நகர்த்திக் கேபிளைக் குறைப்பது நல்லது. வெளியே உள்ள இணைப்பில் சாரல் நீர் புகாதபடி, தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றிவிடுங்கள்.